கசியறது பைப் இல்ல, ஜாயிண்ட்!

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியா சில இடங்கள் சுருக்கப்பட்டிருக்கு.)

இன்னைக்கு ரொம்ப சாதாரணமான ஒரு விஷயம். கிச்சன் சிங்க்ல இருந்து சுவரைத் தாண்டி வெளியே போற வேஸ்ட் பைப் கசிஞ்சா என்ன பண்றது? "இதுக்கெல்லாம் ஒரு எபிசோடா, பிளம்பரைக் கூப்பிட்டா முடிஞ்சுது"ன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு தடவை கூப்பிட்டோம், ரெண்டு தடவை முடிஞ்சுது, மூணாவது தடவையும் கசிஞ்சுது. அப்புறம்தான் நானே உட்கார்ந்து பார்த்தேன்.

அம்மா விருத்தாசலத்துல இருக்காங்க. பீங்கான் ஊர்னு சொன்னா உங்களுக்குத் தெரியும். அகல் விளக்கு, கொலு பொம்மை, பழைய வீடுகள்ல இருக்கற பீங்கான் ஃபியூஸ் கட்டை, இதெல்லாம் செய்யற சூளைகள் உள்ள ஊர். பக்கத்துல நெய்வேலி சுரங்கத்துல நிலக்கரிக்கு மேல இருக்கற மண்ணை எடுக்கும்போது வெள்ளைக் களிமண் கிடைக்கும். இந்தத் தொழிலுக்கு அது பெரிய பலம். அந்த பீங்கானுக்கும் இந்தக் கசிவுக்கும் ஒரு சம்பந்தம் இருக்கு, கடைசியில வரேன்.

பிரச்சினை எப்ப பெருசாச்சு?

சித்திரை மாசம் அம்மா போன் பண்ணாங்க. "டேய், பின்பக்கச் சுவர் இன்னும் காயவே மாட்டேங்குதுடா. மண்ணு சொதசொதன்னு இருக்கு, கொசு வேற."

"ஊருக்கு வரும்போது பாக்கறேம்மா"ன்னு சொன்னேன். நாம எல்லாரும் சொல்ற பதில்தான் அது.

அடுத்த வாரம் மறுபடியும் போன். "சம்ப்புத் தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதுடா. பாத்திரம் கழுவுற சோப்பு வாடை."

அன்னைக்கு ராத்திரியே பஸ் ஏறிட்டேன். எங்க வீட்டுல கசியற இடத்துக்கும் நிலத்தடி சம்ப்புக்கும் நாலடிதான் தூரம்.

இந்த இடத்துல ஒரு பழைய கதை. 1854ல லண்டன், பிராட் தெரு. காலரா வந்து 600க்கும் மேல செத்துப் போனாங்க. எல்லாரும் கெட்ட காத்துதான் காரணம்னு நம்பின காலம். ஜான் ஸ்னோங்கற டாக்டர் மட்டும், அந்தத் தெருவோட அடிபம்புத் தண்ணியில கோளாறுன்னு சொன்னார். பிறகு ஹென்றி வைட்ஹெட்ங்கற பாதிரியார் வீடு வீடாப் போய் விசாரிச்சார். அதுல ஒரு வீட்டோட கழிவுக் குழி சிக்குச்சு. தோண்டிப் பார்த்தா, குழியோட செங்கல் சுவர் சிதைஞ்சு, கழிவு மண்ணு வழியா கிணத்துக்கு இறங்கியிருந்துச்சு. கிணத்துக்கும் குழிக்கும் இடையில சில அடிதான்.

எங்க வீட்டுல இருந்தது கழிவறைத் தண்ணி இல்ல, சமையல் தண்ணிதான். ரெண்டும் ஒண்ணில்ல. ஆனா மீன் கழுவுன தண்ணி, கறி அலம்புன தண்ணி, அழுகின காய்கறிச் சாறு, எல்லாம் அதே பைப்லதான் போகுது. சம்ப் நிறைஞ்சிருக்கும்போது உள்ள இருக்கற தண்ணியே வெளியே அழுத்தும். காலி ஆகும்போதுதான் வெளி ஈரம் விரிசல் வழியா உள்ள வரும். அதான் எப்பவும் இல்லாம, மட்டம் இறங்கின காலை நேரத்துல மட்டும் அம்மாவுக்கு அந்த வாடை தெரிஞ்சிருக்கு.

அதனால முதல் வேலை பைப் இல்ல. சம்ப்பை முழுசா இறைச்சோம். உள் சுவர்ல இருந்த விரிசலைப் பூசி, காயவிட்டு, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சுக் கழுவினோம். பைப் வேலை முடியற வரைக்கும் குடிக்க கேன் தண்ணி. உங்க வீட்டுலயும் குடிநீர்த் தொட்டிக்குப் பக்கத்துல கசிவு இருந்தா, இதைத்தான் முதல்ல பண்ணணும்.

எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்கறது

ஈரம் தெரியற இடம் வேற, கசியற இடம் வேற. தண்ணி பைப்போட அடிப்பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டே ரெண்டு மூணு அடி ஓடி, வசதியான இடத்துல சொட்டும். முன்னாடி வந்த அண்ணன் ரெண்டு தடவையும் சொட்டுற இடத்துலதான் எப்பாக்ஸி அப்பிட்டுப் போயிருந்தார்.

நான் பண்ணது இது. ஒரு ராத்திரி முழுக்க சிங்க்ல தண்ணி விடல. காலையில பைப்பைத் துணியால துடைச்சு, ஒவ்வொரு ஜாயிண்ட் மேலயும் சுத்திக் கோலமாவு தூவினேன். அம்மா சிரிச்சாங்க, "பைப்புக்கெல்லாமா கோலம்?"னு. ஆனா காஞ்ச கோலமாவு மேல ஒரு சொட்டு பட்டாலும் உடனே நிறம் மாறிக் காட்டிக் கொடுத்துடும்.

அப்புறம் ஒரு வாளித் தண்ணியில சொட்டு நீலம் கலந்து, ரெண்டு விதமா ஊத்தணும்.

முதல்ல மெல்லிசா, நூல் மாதிரி. அப்பவே கசிஞ்சா ஜாயிண்ட்டோட கீழ்ப் பாதியில ஓட்டை.

அடுத்து, சிங்க்கை அடைச்சு நிரப்பி ஒரேயடியாத் திறந்து விடணும். அப்ப மட்டும் கசிஞ்சா ஜாயிண்ட்டோட மேல் பாதியில ஓட்டை, இல்ல கீழே எங்கயோ அடைப்பு இருந்து தண்ணி எதிர்த்து ஏறுது. அடைப்பு இருக்கும்போது ஜாயிண்ட்டை எவ்வளவு பூசினாலும் திரும்பக் கசியும்.

எங்க வீட்டுல மெல்லிசா ஊத்தும்போதே கசிஞ்சுது. சுவரை ஒட்டி பிவிசி பைப் பத்தடி படுக்கையா வந்து, எல்போவுல கீழே திரும்பி, தரையில நீட்டிக்கிட்டிருக்கற ஒரு பழைய பழுப்பு பீங்கான் பைப்புக்குள்ள இறங்குது. அந்த ரெண்டும் சேர்ற இடத்துல சிமெண்ட் பூசியிருந்தாங்க. சிமெண்ட்டைச் சுத்தி மயிரிழை மாதிரி ஒரு வட்ட விரிசல். நீலம் அங்கதான் வந்துச்சு.

ஏன் திரும்பத் திரும்ப உடையுது?

சூளையில வேலை பார்த்து ரிட்டயர் ஆன பெரியப்பா ஒருத்தர் பக்கத்துத் தெருவுல இருக்கார். வந்து பார்த்தார். ஒரு கரண்டிக் காம்பை எடுத்து அந்தப் பழைய பைப்பைத் தட்டினார். கணீர்னு சத்தம்.

"பானை வாங்கும்போது தட்டிப் பாக்கறோம்ல, அதே கதைதான். விரிசல் இருந்தா சொத்துன்னு கேக்கும். இது நல்லா இருக்குடா தம்பி. இன்னும் உன் பிள்ளை காலம் வரைக்கும் வரும். ஒட்டுனதுதான் தப்பு."

அந்தப் பழுப்புப் பளபளப்பு பெயிண்ட் இல்ல. சூளை ஏறக்குறைய 1200 டிகிரி சூட்டுல இருக்கும்போது உள்ள உப்பை வீசுவாங்க. உப்பு ஆவியாகி, அதுல இருக்கற சோடியம் களிமண்ணோட மணல் சத்தோட சேர்ந்து, பைப் மேல கண்ணாடி மாதிரி ஒரு தோல் உண்டாக்கும். அமிலம், எண்ணெய், சோப்பு எதுவும் அதை அரிக்காது. பைப் நிலைக்கும். ஆனா அந்த வழவழப்புல சிமெண்ட் சரியாப் பிடிக்காது.

பிவிசி இன்னும் வழவழப்பு. அதுக்கு மேல வெயில். பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி சூடு ஏறினா சுமார் 0.07 மில்லிமீட்டர் நீளும். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், கணக்குப் போடுங்க. பத்தடின்னா 3 மீட்டர். விடியக்காலையில 28 டிகிரியில இருக்கற பைப், மேற்கு வெயில் நேரா அடிச்சா 58 டிகிரிக்குப் போயிடும். 30 டிகிரி வித்தியாசம். 3 தடவை 30 தடவை 0.07ன்னா 6.3 மில்லிமீட்டர். கால் இஞ்ச்!

சுட்ட களிமண்ணு அதே சூட்டுல அரை மில்லிமீட்டர்கூட நகராது. ஆக பகல்ல பிவிசி நீண்டு எல்போவை கால் இஞ்ச் தள்ளுது, ராத்திரி சுருங்கி இழுக்குது. கீழே அது சிமெண்ட்ல இறுகிக் கிடக்கு. ஆடிக்கிட்டே இருக்கற பல்லு மாதிரி, தினம் ஒரு ஆட்டம். எந்த சிமெண்ட் தாங்கும்? எந்த எப்பாக்ஸி தாங்கும்?

இதோட இன்னொரு காரணமும் இருக்கு. அது அம்மாவுக்குப் பிடிக்கல. சோறு வடிச்ச கஞ்சி. கொதிக்கக் கொதிக்க நேரா சிங்க்ல. பிவிசி 60 டிகிரி தாண்டினாலே இளக ஆரம்பிக்கும், 80 டிகிரி பக்கத்துல விறைப்பே போயிடும். தினம் கொதிக்கஞ்சி போய், பத்தடிக்கு ரெண்டே கிளாம்ப் இருந்த பைப் நடுவுல தொட்டில் மாதிரி தொங்கிடுச்சு. தொங்கின இடத்துல கஞ்சியும் எண்ணெயும் படிஞ்சு பாதி பைப் அடைஞ்சிருந்துச்சு. வேலைக்கு எடுத்ததும் பைப்புக்கு வெளியே அச்சடிச்சிருந்ததைப் பார்த்தேன். டைப் ஏ. அது மழைத் தண்ணிக்கும் காத்துப் போக்குக்கும் போடற மெல்லிசு பைப். கழிவுத் தண்ணிக்கு டைப் பி போடணும். ஐஎஸ் 13592ங்கற இந்தியத் தர விதியே இதைப் பிரிச்சுத்தான் சொல்லுது. கடையில வாங்கும்போது பைப் மேல இருக்கற எழுத்தைப் படிங்க, வெள்ளையா இருக்கா சாம்பலா இருக்கான்னு மட்டும் பார்க்காதீங்க.

சரி செஞ்ச விதம்

ஒரு நாள் பாத்திரமெல்லாம் கொல்லைப்பக்கம். காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சேன்.

ஒண்ணு: பழைய சிமெண்ட்டைச் சின்ன உளியால கொஞ்சம் கொஞ்சமா கொத்தி எடுத்தேன். அடிக்கிற வேகத்துல பீங்கான் பைப்போட வாய் உடைஞ்சா தரையைத் தோண்டணும். அதனால இங்க பொறுமைதான் முக்கியம். கொத்தி முடிச்சதும் பெரியப்பா மாதிரி மறுபடி தட்டிப் பார்த்தேன். கணீர்.

ரெண்டு: படுக்கை பைப்பை முழுசா மாத்தினேன். டைப் பி, 75 மில்லிமீட்டர். சரிவு ஒரு அடிக்கு கால் இஞ்ச். பத்தடிக்கு ரெண்டரை இஞ்ச். சரிவே இல்லைன்னா கசடு தங்கும்ங்கறது எல்லாருக்கும் தெரியும். ரொம்பச் செங்குத்தாப் போட்டாலும் தண்ணி முந்திக்கிட்டு ஓடி, கசடு பின்தங்கிடும். ரசமட்டம் இல்லைன்னா கொத்தனார் பண்ற மாதிரி, ரெண்டு முனையிலயும் தண்ணி நிரப்பின டியூபைப் பிடிச்சு சுவர்ல குறி போடுங்க.

மூணு: ரெண்டரை அடிக்கு ஒரு கிளாம்ப். சிங்க் பக்கத்துல இருக்கறதை மட்டும் இறுக்கமா. மத்ததெல்லாம் பைப்பைத் தாங்கணும், ஆனா அது நீள வாட்டுல வழுக்கிப் போகவும் விடணும்.

நாலு: இதுதான் முழு வேலையோட உயிர். எல்போவுக்கு முன்னாடி ஒட்டுற ஜாயிண்ட் போடாம, ரப்பர் ரிங் வைக்கிற சாக்கெட் போட்டேன். பைப்போட முனையைச் சரிவா ராவி, சோப்புத் தண்ணி தடவி, முழுசா உள்ள தள்ளி, பென்சில்ல குறி போட்டு, 10 மில்லிமீட்டர் வெளியே இழுத்து விட்டேன். பத்தடி பைப் கால் இஞ்ச் நீண்டாலும் அந்த இடைவெளிக்குள்ள போயிடும், கீழே இருக்கற ஜாயிண்ட்டைத் தொடாது. ரப்பருக்கு எண்ணெயோ கிரீஸோ போடாதீங்க, நாளாக ஆக ரப்பர் கெட்டுடும்.

அஞ்சு: திருப்பத்துல சாதா எல்போவுக்குப் பதிலா டோர் பெண்ட். மூடியைக் கழட்டிச் சுத்தம் பண்ணலாம். அடுத்த தடவை அடைச்சா எதையும் அறுக்க வேண்டாம்.

ஆறு: பீங்கானோட சேர்ற இடம். இறங்கற பிவிசி பைப்போட வெளிப்பக்கத்தை உப்புத்தாளால தேய்ச்சு, சால்வெண்ட் சிமெண்ட் தடவி, ஈரம் காயறதுக்குள்ள காஞ்ச ஆத்து மணலைத் தூவி ஒட்ட வச்சேன். இப்ப அது உப்புத்தாள் மாதிரி சொரசொரன்னு ஆயிடும், சிமெண்ட் பிடிக்கும். பைப்பை நடுவுல நிறுத்தி, சுத்தி இருக்கற சந்துல சிமெண்ட் பால்ல நனைச்ச சணல் நூலைத் திணிச்சேன். கலவை உள்ள விழாம அது தடுக்கும். அதுக்கு மேல சம அளவு சிமெண்ட்டும் மணலும் கலந்து கெட்டியா அடைச்சு, வெளிப்பக்கம் 45 டிகிரிச் சரிவா பூசினேன். ஈரச் சாக்கு சுத்தி ஒரு வாரம் அம்மா தண்ணி தெளிச்சாங்க.

கவனிங்க, எப்பவும் மேல் பைப்தான் கீழ் பைப்புக்குள்ள இறங்கணும். ஓடு வேயற மாதிரி. தலைகீழா இருந்தா தண்ணி ஜாயிண்ட்டைத் தேடி வரும். ஒரு குழாயை இன்னொண்ணோட பொருத்தித் தண்ணியைக் கொண்டு போறது நமக்குப் புதுசும் இல்ல. கீழடி அகழாய்வுல ஒண்ணோடொண்ணு பொருத்தின சுடுமண் குழாய்கள் கிடைச்சிருக்கு.

பிவிசியோட பிவிசி ஒட்டற இடங்களுக்கு ஒரு வார்த்தை. சால்வெண்ட் சிமெண்ட் பசை இல்ல. ரெண்டு பரப்பையும் கொஞ்சம் கரைச்சு ஒண்ணா ஆக்குது. அதனால ஈரமோ எண்ணெயோ இருந்தா வேலைக்கு ஆகாது. கசியும்போதே மேல தடவினாலும் பயன் இல்ல. பக்கத்துல நெருப்பு வேண்டாம்.

24 மணி நேரம் கழிச்சு மறுபடி கோலமாவு, மறுபடி நீலத் தண்ணி. ஒரு சொட்டு இல்ல.

எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

சென்னையில ஃபிளாட்டுல இருக்கறவங்க கவனிக்க. உங்க சிங்க்ல இருந்து சுவர் வரைக்கும் உங்களோடது. வெளியே மாடி மாடியா இறங்கற பொதுப் பைப்பை நீங்களா அறுக்காதீங்க. மேல் வீட்டுக்காரங்க குழாயைத் திறந்தா உங்க தலையிலதான். கயிறு கட்டி மூணாவது மாடியில தொங்கறதும் வேண்டாம். வாடகை வீடுன்னா ஓனருக்கு போட்டோவோட வாட்ஸ்அப்ல தேதி தெரியற மாதிரி எழுதி அனுப்புங்க. சுவர் ஊறிப் போச்சுன்னு அட்வான்ஸ்ல பிடிக்கும்போது அது கை கொடுக்கும்.

அடைப்பு எடுக்க ஆசிட் ஊத்தற பழக்கம் நிறைய வீட்டுல இருக்கு. பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்துல ஆசிட் சேர்ந்தா குளோரின் வாயு வரும். மூடின இடத்துல அது ஆளையே கொல்லும்.

அடைப்பு உங்க வீட்டைத் தாண்டி சாக்கடைத் தொட்டியில இருந்தா, யாரையும் அதுக்குள்ள இறக்காதீங்க. "ஐநூறு ரூபா கொடுத்தா ஒருத்தர் இறங்கிடுவார்"னு யாராவது சொல்லுவாங்க. 2013ல வந்த சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம செப்டிக் டேங்க்லயும் சாக்கடையிலயும் ஆளை இறக்கறது குற்றம். சட்டம் இல்லைன்னாலும் கூடாது. மிஷின் வண்டியைக் கூப்பிடுங்க.

அப்புறம் கஞ்சி

அம்மாகிட்ட கஞ்சியைப் பத்திச் சொன்னதும் முகம் மாறிடுச்சு. "நாப்பது வருஷமா அப்படித்தான்டா ஊத்தறேன், அப்பல்லாம் ஒண்ணும் ஆகலையே"ன்னாங்க. யோசிச்சா அவங்க சொல்றதுதான் சரி. அப்ப சமையலறைத் தொட்டியில இருந்தே பீங்கான் பைப்தான் போயிருக்கு. அதுக்குக் கொதிக்கஞ்சி ஒரு பொருட்டே இல்ல. நடுவுல வீட்டைப் புதுப்பிக்கும்போது நாங்கதான் பாதியை பிவிசியா மாத்தினோம். பைப்பை மாத்தினவங்க, இதுக்கு மேல சூடா ஊத்தக் கூடாதுன்னு அவங்ககிட்ட யாரும் சொல்லல.

இப்ப கஞ்சி ஒரு குண்டான்ல ஆறுது, ஆறினதும் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போகுது. அந்த வீட்டு அக்கா அப்பப்ப பால் கொடுக்கறாங்களாம். எனக்கு வந்த லேட்டஸ்ட் ரிப்போர்ட் அதுதான்.

ஐப்பசி மழை முடிஞ்சு ஊருக்குப் போனேன். பின்பக்க மண்ணு மழை விட்ட ரெண்டாவது நாளே காஞ்சிருந்துச்சு. விடியக்காலையில சம்ப் மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். தண்ணி வாடை மட்டும்தான்.

இந்த எபிசோடைக் கேட்டு முடிச்சதும் ஒரு வேலை பண்ணுங்க. சிங்க்கை நிரப்பித் திறந்து விட்டுட்டு, வெளியே போய் அந்தப் பைப்பை ரெண்டு நிமிஷம் பாருங்க. ஊர்ல அம்மா அப்பா இருந்தா போன் பண்ணி, பின்பக்கச் சுவர் காஞ்சிருக்கான்னு கேளுங்க. ஈரம்னு சொன்னா, "வரும்போது பாக்கறேன்"னு மட்டும் சொல்லாதீங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.